சிவப்பில் நின்ற முள்ளும் நாலடி இரண்டு அங்குலமும்

எங்க ஆபீஸ்ல ஒரு பொருள் சூடா இருக்கா, ஆறிப்போச்சான்னு தெரிஞ்சுக்கணும்னா கையால தொட்டுப் பாக்கக் கூடாது. அப்படித் தொட்டுப் பாத்த குத்தத்துக்குத்தான் எனக்கு முதல் மெமோ வந்துச்சு. மொத்தம் மூணு மெமோ வாங்கியிருக்கேன். மூணையும் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்.

என் பேரு தாமரைச்செல்வி. காரைக்கால்ல கடைமடை நீர்மட்ட அளவீட்டுப் பிரிவுன்னு ஒரு ஆபீஸ். அங்க நான் டிரைவர். சேர்ந்த அன்னிக்கு "பிரிவின் முதல் பெண் ஓட்டுநர்"னு மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும் மாலையைக் கழட்டி ஸ்டோர்ல எழுதி வாங்கிக்கிட்டாங்க. பிளாஸ்டிக் மாலை, அடுத்த ஆளுக்கும் ஆகும்ல.

காவிரித் தண்ணி ஊரு ஊரா போயிட்டு, மிச்சம் மீதி இருந்தா கடைசியில எங்க பக்கம் வரும். வந்துச்சா, வாய்க்கால்ல எத்தனை அடி நிக்கிதுன்னு அளந்து எழுதுறதுதான் எங்க பிரிவோட வேலை. அளக்குறது கொஞ்சம், எழுதுறது நெறைய. ஆனா அந்த எழுத்துலதான் எங்க பொழப்பு இருக்கு. எங்க உதவிப் பொறியாளர் நேர்ல போய்ப் பாத்து, "தண்ணீர் வந்து சேரவில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான், மேல ஆத்துல இருக்குற ரெகுலேட்டர் மதகுல நம்ம வாய்க்காலுக்கு முறை வெச்சுத் திறப்பாங்க.

வரிச்சிக்குடியில எங்களுக்கு ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர். வூட்டுக்காரரு கதிரவன் சம்பாவுக்கு நாத்து விட்டு பதினஞ்சு நாள் ஆயிருந்துச்சு. முப்பது நாளுக்குள்ள பறிச்சு நட்டாகணும், அதுக்கு மேல போனா நாத்து முத்திப்போயிடும். போர்த் தண்ணியை இறைக்கலாம்னா கடலு பக்கம், வர்றதெல்லாம் உப்பு. காலையில நானும் அவரும் குளத்துலேர்ந்து குடத்துல தூக்கித் தூக்கி நாத்தங்காலுக்கு மட்டும் ஊத்திக்கிட்டு இருந்தோம். வாய்க்கால்ல ஆடு படுத்திருந்துச்சு.

ஆனா எங்க ஆபீஸ் பதிவேட்டுல அதே வாய்க்கால்ல நாலடி ரெண்டங்குலம் தண்ணி நிக்கிது. எப்படின்னு கேக்குறீங்களா? போன கார்த்திகை மழையில ஒரு தடவை போய் அளந்தாங்க, நாலடி ரெண்டு இருந்துச்சு. அடுத்த ஆய்வு நடக்குற வரைக்கும் கடைசியா கையெழுத்தான அளவுதான் நடப்பு அளவுங்கறது விதி. வாய்க்கால் பாக்குற லஸ்கர் நிலவன் தினமும் காலையில போன் பண்ணி, "சொட்டுத் தண்ணி இல்லீங்க"ன்னு சொல்லுவாரு. இவங்களும், "சரி, நாலடி ரெண்டு"ன்னு எழுதிக்குவாங்க.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு திங்கக்கிழமை ஆய்வுக்குத் தேதி வாங்கினேன். காலையில வண்டியில உக்காந்து சாவியைத் திருப்பினா, வெப்பநிலை காட்டுற முள்ளு சடார்னு போய் சிவப்புல நின்னுடுச்சு. முன்னாடி ரேடியேட்டர் காத்தாடி ஹோன்னு சுத்துது. வண்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினது. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை. ராத்திரிப் பனி கண்ணாடியில அப்படியே இருக்கு.

பதினாலு வயசு வண்டி அது. எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, சென்சார் செத்துப்போச்சு. கட்டைவிரல் தண்டி சாமான், எஞ்சின் சூட்டைப் பாத்து முள்ளுக்குச் சொல்றது. அது கெட்டுப்போனா முள்ளும் பொய் சொல்லும், காத்தாடியும் சும்மா சுத்தும். மாத்துறது அரை மணி நேர வேலை.

உதவிப் பொறியாளர் கைலாசநாதன் சார் ஃபைலோட வந்து பின் சீட்ல உக்காந்தாரு. எட்டி முள்ளைப் பாத்தாரு. உக்காந்த வேகத்துல இறங்கிட்டாரு.

"எஞ்சின் கொதிக்கிதே!"

"இல்ல சார், சென்சார் போயிடுச்சு. இந்தாங்க, பேனட்டைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு"ன்னு நான் கையை வெச்சுக் காட்டினேன்.

அவரு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாரு. "தாமரைச்செல்வி, இது அளவீட்டுப் பிரிவு. இங்க கருவி என்ன சொல்லுதோ அதுதான் உண்மை. கையி, கண்ணு, மூக்கெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கலாம்னா நான் எதுக்கும்மா? இந்த ஆபீஸ் எதுக்கு?"

நல்ல கேள்விதான். சாயங்காலத்துக்குள்ள மெமோ வந்துடுச்சு: "அங்கீகரிக்கப்படாத உடலுறுப்பால் அரசு வாகனத்தின் வெப்பநிலையைத் தீர்மானித்தது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்."

பஸ்ஸுல போயிடலாம் சார்னு சொன்னேன். வரிச்சிக்குடிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? கண்காணிப்பாளர் சௌந்தரவல்லி மேடம் கண்ணாடியை இறக்கிப் பாத்தாங்க. விதியெல்லாம் அவங்க மண்டையிலதான் இருக்கு, புத்தகத்தைத் தொலைச்சு நாளாச்சு.

"ஆய்வுப் படிவத்துல ஏழாவது கட்டம் வாகன எண். எட்டு, புறப்பட்ட கிலோமீட்டர். ஒம்போது, சேர்ந்த கிலோமீட்டர். அங்க பஸ்ஸு நம்பரை எழுதினா பஸ்ஸு நம்ம ஸ்டாக்ல ஏறிடும். அப்புறம் அதுக்கு டயர் நீதான் மாத்தணும், பரவாயில்லையா?"

"என் ஸ்கூட்டியில கூட்டிட்டுப் போறேன் மேடம்."

"பின்னாடி உக்காந்து போற அதிகாரி, ஆய்வு பண்றாரா, ஊர்வலம் போறாராம்மா?"

சரி, வண்டியை என்ன பண்றது? ஆற வைக்கிறதுன்னு முடிவாச்சு. அதுக்குக் 'குளிர்விப்புப் பதிவேடு'ன்னு புதுசா ஒரு நோட்டு போட்டு, கோடு கிழிச்சு, முதல் பக்கத்துல மஞ்சள் வெச்சாங்க. வாட்ச்மேன் முத்தமிழ் அண்ணன் மணிக்கு ஒரு தடவை சாவியைத் திருப்பி, முள்ளைப் பாத்து எழுதணும். பேனட் மேல ஈரச் சாக்கு. சுத்திக் கயிறு கட்டி "ஆபத்து, நெருங்காதீர்"னு போர்டு. அந்த ஈரச் சாக்கு மேல ஒரு பூனை வந்து சுருண்டு படுத்துக்கிச்சு. ஊர்லயே குளுகுளுன்னு இருந்த இடம் அதுதான்.

"சார், பூனை தூங்குது பாருங்க. கொதிக்கிற எஞ்சின் மேல பூனை தூங்குமா?"ன்னு கேட்டேன்.

கைலாசநாதன் சார் யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. அப்புறம் மேடம் பக்கம் திரும்பி, "பூனைக்கு ஏதாவது ஆச்சுன்னா பிரிவு பொறுப்பில்லைன்னு ஒரு குறிப்பு போட்டுடுங்க"ன்னாரு.

ரெண்டு நாளாச்சு, முள்ளு இறங்கலை. எப்படி இறங்கும்? சாவியைத் திருப்பினா அதுபாட்டுக்குச் சிவப்புக்குத்தான் ஓடுது. சாருக்கு இப்ப உண்மையாவே பயம் வந்துடுச்சு. "அணைச்சு வெச்ச எஞ்சின் அஞ்சு நாளா அப்படியே கொதிக்கிது. இது சாதாரண சூடு இல்ல"ன்னு புதுச்சேரி தலைமை ஆபீசுக்கு எழுதினாரு. தீயணைப்புக்கும் ஒரு நகல் போச்சு. அவங்க போன் பண்ணி நெருப்பு எங்கன்னு கேட்டாங்க. முள்ளுலன்னு சொன்னோம், வெச்சுட்டாங்க.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முத்தமிழ் அண்ணன் சாவியைத் திருப்பினாரு. முள்ளு அசையவே இல்லை, அடியில படுத்துக்கிடக்கு. காத்தாடியும் சுத்தலை.

"ஆறிடுச்சு!"ன்னு அண்ணன் போட்ட சத்தத்துல பூனை எந்திரிச்சு ஓடிப்போச்சு.

ஆபீஸே வெளிய வந்துடுச்சு. எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வந்துச்சு. சார் படிக்கட்டுல நின்னுக்கிட்டு பேசினாரு. "பொறுமையும் பதிவேடும் இருந்தா எந்தச் சூட்டையும் தணிக்கலாம். நாம ஒரு ஸ்பேனரைக்கூட கையால தொடலை. அதுதான் நிர்வாகம்!"

கை தட்டினாங்க. எனக்கு ஒரு போண்டாவைக் கொடுத்து வண்டியை எடுக்கச் சொன்னாங்க. சாவியைத் திருப்பினா டக்குனுகூட சத்தம் வரலை. மூணு நாளா மணிக்கு மணி திருப்பித் திருப்பி, அந்தக் காத்தாடியைச் சுத்த விட்டு, பேட்டரியைக் கொன்னுட்டாங்க. கரன்ட்டே இல்லாத வண்டியில முள்ளு எங்கேர்ந்து ஏறும்? பேட்டரியைக் கழட்டி சார்ஜ் ஏத்தி மறுநாள் மாட்டினோம். முள்ளு மறுபடியும் சிவப்பு.

"மின்சாரம் ஏத்தினா சூடு ஏறத்தானே செய்யும்"னு சார் நிதானமா சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. போண்டாவை மட்டும் யாரும் திருப்பிக் கேக்கலை.

அன்னிக்கு வீட்டுக்குப் போனா, கதிரவன் நாத்தங்கால் வரப்புல உக்காந்திருக்காரு. நாத்து நுனியெல்லாம் மஞ்சளாயிருச்சு. தோள்ல குடம் வெச்சுத் தூக்கின இடம் காய்ச்சுப்போயிருக்கு அவருக்கு.

"ஏன் தாமரை, உங்க ஆபீசருக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல?"ன்னாரு.

"இருக்கு. அங்கீகாரம் இல்லை"ன்னேன்.

அவரு சிரிக்கலை. எனக்கும் சிரிப்பு வரலை. ரெண்டு பேரும் விதைநெல்லை எப்படிப் பாத்துப் பாத்து ஊறப்போட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. எங்க ஆபீசுக்கு நாலு வீடு தள்ளி லூசியன் சார் இருக்காரு. ஊர்ல முசேன்னு கூப்பிடுவாங்க, பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு, பிரெஞ்சுக் குடியுரிமை. அவருகிட்டயும் இதே மாடல் வண்டி, அதே வயசு, ஷெட்ல சும்மா நிக்கிது. கதையைச் சொன்னேன். கொஞ்சமும் ஆச்சரியப்படலை மனுஷன்.

"வருஷா வருஷம் நான் உசுரோட இருக்கேன்னு பிரான்சுக்குச் சான்று அனுப்பணும்மா. ஒரு வருஷம் தபால்ல தொலைஞ்சு போச்சு. போன் பண்ணி, நான்தாம்மா லூசியன் பேசுறேன், சாகலைன்னேன். குரலெல்லாம் ஏத்துக்க மாட்டோம் முசே, நீங்க உசுரோட இருக்குறதா எங்ககிட்ட தகவல் இல்லைன்னுட்டா அந்தப் பொண்ணு. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. நீ ஸ்பேனரை எடு."

அவரு வண்டியிலேர்ந்தே சென்சாரைக் கழட்டிக் கொடுத்தாரு. ஆபீசுக்கு லீவுதான், முத்தமிழ் அண்ணன் கேட்டைத் திறந்து விட்டாரு. அரை மணி நேரம்கூட ஆகலை. சாவியைத் திருப்பினேன். முள்ளு சமர்த்தா கீழயே நின்னுச்சு. எஞ்சினை ஓட விட்டேன், மெதுவா ஏறி நடுவுல வந்து நின்னுச்சு. அப்படியே ஸ்டியரிங்ல தலையை வெச்சு அழுதுட்டேன். திங்கக்கிழமை போயிடலாம், நாத்து பொழைச்சுக்கும்.

திங்கக்கிழமை கைலாசநாதன் சார் முள்ளைப் பாத்தாரு. மொகம் மாறிடுச்சு.

"யார் அனுமதியில இது இறங்குச்சு?"

சொன்னேன். லூசியன்ங்கற பேரைக் கேட்டதும் மேடம் நாற்காலியை விட்டே எந்திரிச்சுட்டாங்க. "வெளிநாட்டுக் குடிமகன்கிட்டேர்ந்து அரசுத் துறைக்கு அன்பளிப்பு! டெல்லி அனுமதி வாங்கணும்மா! ஒரு நீர்வளத் துறை வாகனத்துக்குள்ள அந்நிய நாட்டு உணர்கருவி! அது நம்ம சூட்டையெல்லாம் அளந்து யாருக்குச் சொல்லுதோ?"

"மேடம், அவரு நாலு வீடு தள்ளி இருக்காரு. நீங்க கிறிஸ்துமஸ் கேக் வாங்கிச் சாப்பிட்டீங்க."

"அது தனிப்பட்ட முறையில"ன்னுட்டாங்க.

சார் வேற காரணம் சொன்னாரு. "சிவப்புங்கற அளவை வெச்சுத்தான் புதுச்சேரியில ஃபைல் நடக்குது. இப்ப முள்ளு இறங்கிடுச்சுன்னா நான் எழுதினதெல்லாம் பொய்யாயிடும். பழையதே மாட்டு."

செத்த சென்சாரை என் கையாலேயே திரும்ப மாட்டினேன். சிவப்பு வந்ததும்தான் அவருக்கு மூச்சு சீராச்சு. ரெண்டாவது மெமோ: அந்நிய அன்பளிப்பு. முசேகிட்ட சாமானைத் திருப்பிக் கொடுத்ததுக்கு ரசீது வாங்கணும், திருப்பி வாங்குறவர் உயிரோட இருக்குறதுக்குச் சான்று இணைக்கணும்னும் அதுல எழுதியிருந்தாங்க. முசே பீரோவைத் திறந்தாரு. "இது ஒண்ணுதாம்மா என்கிட்ட கட்டுக் கட்டா இருக்கு"ன்னு நாலு நகல் எடுத்துக் கொடுத்தாரு.

அதுக்குள்ள புதுச்சேரியிலேர்ந்து கேள்வி வந்துச்சு: எஞ்சினில் உள்ள நீர் கொதிநிலையில் உள்ளதா, மாதிரி அனுப்பவும். ரேடியேட்டர்லேர்ந்து ரெண்டு லிட்டரைப் பாட்டில்ல பிடிச்சு, அரக்கு முத்திரை வெச்சு, பஸ்ஸுல ஆள் போட்டு அனுப்பினாங்க. காரைக்கால்லேர்ந்து புதுச்சேரிக்குப் போகணும்னா நடுவுல தமிழ்நாடு. மூணாம் நாள் பரிசோதனை முடிவு வந்துச்சு: "மாதிரி அறை வெப்பநிலையில் உள்ளது. வழியில் பிற மாநிலத்தைக் கடந்து வந்ததால் ஆறியிருக்கக்கூடும்."

ரேடியேட்டர்ல குறைஞ்ச தண்ணியை ஊத்துறேன் சார்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாரு. ஃபைல் முடியுற வரைக்கும் வண்டி, தண்ணி மாதிரி பிடிச்ச அன்னிக்கு இருந்த நிலையிலேயே இருக்கணுமாம். நான் எதுக்கும் இருக்கட்டும்னு வீட்டுலேர்ந்து அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி பிடிச்சு டிக்கியில ஒரு சாக்கைப் போட்டு மூடி வெச்சேன்.

நாத்துக்கு இருபத்தொம்போதாவது நாள், புதுச்சேரியிலேர்ந்து ஆணை வந்துச்சு. சார் அதைச் சத்தமா வாசிச்சாரு. "மேற்படி வாகனத்தின் எஞ்சின் வெப்பநிலை இன்று முற்பகல் முதல் இயல்பானதாகக் கருதப்பட வேண்டும் என ஆணையிடப்படுகிறது."

"கிளம்பும்மா, இயல்பாயிடுச்சு"ன்னு அவரே ஓடி வந்து ஏறினாரு.

"சார், ரேடியேட்டர்ல தண்ணி குறைச்சலா இருக்கு. இப்பத்தான் உண்மையிலேயே சூடாகும்."

"ஆணையை வாசிச்சேன்ல? உனக்கு வாசிச்சா புரியாதா?"

கிளம்பினோம். முள்ளு சிவப்புல நிக்கிது. அன்னிக்குப் பாத்து கோட்டுச்சேரி கடைத்தெருவுல ஒரு லாரி குறுக்க நின்னுக்கிட்டு, முன்னாடியும் போகாம பின்னாடியும் போகாம கால் மணி நேரம். எஞ்சின் சத்தம் மாறுச்சு. ஒரு வாடை வந்துச்சு. "சார், கருகல் வாடை"ன்னேன். "மூக்கு கருவி இல்ல"ன்னாரு. நானும் சரின்னு ஓட்டினேன். வரிச்சிக்குடி தாண்டி, எங்க வாய்க்கால் மதகுகிட்ட போகவும் பேனட்லேர்ந்து புஸ்ஸுன்னு ஆவி கிளம்புச்சு. நிறுத்தி எஞ்சினை அணைச்சேன்.

மண்டையைப் பொளக்குற வெயில். ஒரு மர நிழல் கிடையாது. சார் குதிச்சு இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னாரு.

"தண்ணி ஊத்தும்மா! வெடிச்சிடப் போகுது!"

"இருந்த தண்ணியை மாதிரிக்கு அனுப்பிட்டோமே சார்."

"இதோ வாய்க்கால் இருக்குல்ல, வாளி எடுத்துக்கிட்டுப் போய் மொண்டுட்டு வா!"

"ஐயோ, நான் மாட்டேன் சார். பதிவேட்டுல நாலடி ரெண்டங்குலம் நிக்கிது. என் நெஞ்சு உயரம். எனக்கு நீச்சல் தெரியாது."

அவரு என்னை மொறைச்சாரு. பழுத்த தக்காளி மாதிரி செவந்து போச்சு மொகம். வாளியைப் பிடுங்கிக்கிட்டு, ஷூவோட கரையில இறங்கினாரு. சத்தம் கேட்டு கதிரவனும், பக்கத்து வயக்காரங்க ரெண்டு பேரும் குடத்தோட வந்து நின்னாங்க. எல்லாரும் மேலேர்ந்து பாக்குறோம். கீழ, அடி போட்டுக் கோடு கிழிச்ச அளவுப் பலகைக்குப் பக்கத்துல, வெடிச்சுக் கெடந்த மண்ணுல, கையில வாளியோட எங்க உதவிப் பொறியாளர் நிக்கிறாரு. ரெண்டு ஆடு எந்திரிச்சு வழி விட்டுச்சு.

"தண்ணி இல்லையேம்மா"ன்னாரு. குரல் சின்னதா இருந்துச்சு.

"சார், அங்கீகரிக்கப்படாத உடலுறுப்பால பாத்துட்டுச் சொல்லாதீங்க. பலகையைப் பாருங்க. கருவி என்ன சொல்லுது?"

பலகையைப் பாத்தாரு. அடிக்கட்டையில பூஜ்யத்து மேல ஓணான் ஒண்ணு உக்காந்திருந்துச்சு. நான் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டினேன்.

"எழுதுங்க சார், பூஜ்யம்னு."

அவரு வாங்கலை. "எப்படிம்மா எழுதுறது? நேத்து வரைக்கும் நாலடி ரெண்டுன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்குப் பூஜ்யம்னா, நடுவுல இருந்த தண்ணி எங்க போச்சுன்னு என்னைத்தானே கேப்பாங்க? நாத்து காய்ஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. கணக்கு ஒதைச்சா கேப்பாங்க."

கதிரவன் கையில இருந்த குடத்தைக் கீழ வெச்சுட்டாரு. நான் கண்ணால அவரை அடக்கினேன்.

சார் மேடத்துக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல மேடம் வழி சொன்னாங்க. "ஒரேயடியா இறக்காதீங்க சார். மாசம் அஞ்சு அங்குலமா குறைச்சுக்கிட்டு வாங்க. அடுத்த ஆடிக்குள்ள பூஜ்யத்துக்கு வந்துடலாம், யாருக்கும் தெரியாது."

அடுத்த ஆடி! எனக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஆனா குரலை உசத்தலை. பதினோரு வருஷமா அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், அவங்க பாஷை எனக்கும் வரும்.

"சரி சார். நீங்க மெதுவா யோசிங்க. பயணம் முடியாம அதிகாரி அரசு வாகனத்தை நடுவழியில விட்டுட்டுப் போகக் கூடாது, அதுவும் விதிதான். டிக்கியில அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு இருக்கு. ஆனா ஸ்டாக்ல ஏறலை. அதனால அது இல்லை."

"இருக்கா, இல்லையா?"

"நீங்க பூஜ்யத்தை எழுதுங்க சார். நான் போய் கேன் இருக்கான்னு பாக்குறேன்."

பத்து நிமிஷம் நின்னாரு. ஒரு பஸ்ஸு போச்சு. அதுல எங்க ஊரு ஆளுங்க எட்டிப் பாத்து, "என்ன சார், வாய்க்கால்ல குளிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு அவருக்கு. கடைசியில பேனாவை வாங்கினாரு. 'நீர்மட்டம்: 0.' தேதி, நேரம், கையெழுத்து. லஸ்கர் நிலவனையும் போன்ல வரவழைச்சு, சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் டிக்கியைத் திறந்தேன். அதுக்குள்ள அரை மணி நேரம் ஓடிடுச்சு. பேனட் மேல உள்ளங்கையை வெச்சுப் பாத்தேன்.

"ஆறிடுச்சு சார்"ன்னேன்.

எந்த உறுப்பால பாத்தேன்னு அவரு கேக்கலை. நான் கேன் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்துறதுக்குள்ள ஏறி உக்காந்துட்டாரு.

ஆய்வுக் குறிப்பு அன்னிக்கே போச்சு. மறுநாள் ரெகுலேட்டர்ல நம்ம முறையைத் திறந்துட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் விடியக்காலையில வாய்க்கால்ல தண்ணி நுரையோட வந்துச்சு. நாத்துக்கு முப்பத்தொண்ணு. ஒரு நாள் பிந்துனதுக்கு ஓரத்துல ஒரு பாத்தி போயிடுச்சு, மீதியைப் பறிச்சு நட்டுட்டோம். கதிரவன் சேத்துல நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. மாசக் கணக்காச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து.

மூணாவது மெமோ அதுக்கப்புறம் வந்துச்சு. "வாய்க்காலில் நீர் இல்லை எனப் பதிவான நாளில், ஓட்டுநரிடம் ஐந்து லிட்டர் நீர் இருந்தது எவ்வாறு? ஆதாரத்துடன் விளக்கவும்."

நல்லா யோசிச்சு ஒரே வரிதான் எழுதினேன். "பதிவேட்டில் நின்றுகொண்டிருந்த நாலடி இரண்டு அங்குலத்திலிருந்து மொண்டுகொண்டேன்."

நக்கலுக்குத்தான் எழுதினேன், சஸ்பெண்ட் பண்ணுவாங்கன்னு பயந்துக்கிட்டும் இருந்தேன். ஒரு வாரத்துல பதில் வந்துச்சு. விளக்கம் ஏற்கப்பட்டதாம். கைலாசநாதன் சாரே என்னைக் கூப்பிட்டு, "ரொம்ப நன்றிம்மா, தண்ணி எங்க போச்சுங்கறதுக்கு இப்பத்தான் ஒரு பதில் கிடைச்சுச்சு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

இப்ப பதிவேட்டுல அழகா, சிவப்பு மையில எழுதி முத்திரை குத்தியிருக்கு: நாலடி இரண்டு அங்குல நீர், ஓட்டுநர் தாமரைச்செல்வியால் வாகனத்தின் ரேடியேட்டருக்குப் பயன்படுத்தப்பட்டது. ஒரு வாய்க்கால் தண்ணியைக் குடிச்ச வண்டி அது. முள்ளு இன்னும் சிவப்புலதான் நிக்கிது.